பல்சாரோட திடீர் குதிப்பைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட அறிவியல் பக்கத்துல பல்சார் பத்தி, அதாவது வேகமா சுத்திகிட்டே ரேடியோ துடிப்பு அனுப்பற நியூட்ரான் நட்சத்திரம் பத்தி, வந்த கட்டுரைய முழுசாப் படிச்சேன். இப்படி ஒரு விஷயத்துக்கு அவ்ளோ இடம் ஒதுக்கினதுக்கே முதல்ல நன்றி சொல்லணும். வெடிச்ச நட்சத்திரத்தோட மிச்சமான நியூட்ரான் நட்சத்திரம்னா என்ன, 1967ல ஜோஸ்லின் பெல் அதோட துடிப்பை எப்படிக் கண்டுபிடிச்சாங்க, 1974ல நோபல் பரிசு அவங்க கைடுக்குப் போய் அவங்களுக்கு மட்டும் வராமப் போனது, எல்லாமே சரியா இருந்துச்சு. ஆனா கட்டுரை முடியற இடத்துல, பல்சார் பிசகே இல்லாத கடிகாரம், அதோட வேகம் மெல்ல மெல்ல இறங்கிகிட்டே தான் இருக்கும், ஏறவே ஏறாதுங்கற மாதிரி ஒரு வரி வந்துச்சு பாருங்க, அதுக்காகத் தான் இந்தக் கடிதம்.

அந்த வரி தப்புன்னு மட்டும் சொல்லிட்டுப் போக மனசு வரல, ஏன்னா பல்சார் விஷயத்துலயே ரொம்ப அருமையான பகுதி அங்க தான் ஆரம்பிக்குது. வேகம் இறங்கிகிட்டே போறது உண்மை தான், அதோட காந்தப்புலம் சுழற்சி சக்திய கதிர்வீச்சாவும் துகளாவும் வெளிய தள்ளிகிட்டே இருக்கு. ஆனா பல பல்சார்கள், முக்கியமா வயசு கம்மியான பல்சார்கள், மாசக்கணக்கா வருஷக்கணக்கா ஒழுங்கா மெதுவாகிட்டு வந்துட்டு திடீர்னு ஒரு நாள் சில நொடிக்குள்ள வேகமாயிடும். வெளியிலேர்ந்து யாரும் தள்ளல, எதுவும் வந்து மோதல, அதுவே தன்னால வேகமாகுது. இதைத் தான் கிளிட்ச்னு சொல்றாங்க. இதுவரைக்கும் 200க்கு மேல பல்சார்கள்ல 600க்கு மேல கிளிட்ச் பதிவாயிருக்கு, அதனால இதை ஏதோ விதிவிலக்குன்னு ஒதுக்கி வைக்கவும் முடியாது.

வேலா பல்சாரை எடுத்துக்குவோம், இந்த விஷயத்துல அது தான் முதல் ஆள். நம்மகிட்டேர்ந்து ஏறக்குறைய 1000 ஒளியாண்டு தூரம், சுமார் 11,000 வருஷம் முன்னாடி வெடிச்ச ஒரு நட்சத்திரத்தோட மிச்சம், குறுக்களவு 20 கிலோமீட்டர் வாக்குல தான் இருக்கும் ஆனா எடை சூரியனை விட அதிகம், ஒரு சுத்துக்கு 89 மில்லிசெகண்ட், அதாவது நொடிக்கு 11 தடவைக்கு மேல சுத்துது. மெதுவாகறதால ஒரு சுத்துக்கு ஆகற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 11 நானோசெகண்ட் கூடிகிட்டே போகும். 1969 பிப்ரவரி 24க்கும் மார்ச் 3க்கும் நடுவுல இந்த நேரம் ஒரேயடியா 200 நானோசெகண்டுக்குக் கொஞ்சம் மேல குறைஞ்சு போச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 19 நாளா மெல்ல மெல்ல இழந்ததை ஒரே அடியில திருப்பி எடுத்துகிச்சு.

இதைக் கண்டுபிடிச்சது ரெண்டு குழு, தனித்தனியா. ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ் 64 மீட்டர் டெலஸ்கோப்ல வேலை பார்த்த வி. ராதாகிருஷ்ணனும் ரிச்சர்ட் மான்செஸ்டரும் ஒண்ணு, அமெரிக்காவுல கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவுல பார்த்த ரைக்லியும் டவுன்ஸும் இன்னொண்ணு, ரெண்டு பேரோட கட்டுரையும் 1969ல நேச்சர் இதழ்ல ஒண்ணாவே வந்துச்சு. இந்த ராதாகிருஷ்ணன் சென்னையில பிறந்தவர், சி.வி. ராமனோட மகன், பிறகு பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தை 20 வருஷத்துக்கு மேல நடத்தினவர். தமிழ்ல பல்சார் பத்தி ஒரு பெரிய கட்டுரை வந்து அதுல அவர் பேரே இல்லைன்னா மனசுக்குக் கஷ்டமா இருக்கு, அடுத்த தடவையாவது சேருங்க.

200 நானோசெகண்டுன்னா என்ன பெரிய விஷயம்னு யாருக்கும் தோணும். ஒரு சுத்துல பார்த்தா ஒண்ணுமே இல்ல தான். ஆனா நொடிக்கு 11 சுத்து, ஒரு நாளைக்கு 86,400 நொடி, இதை எல்லாம் பெருக்கினா ஒரே நாள் முடியறப்ப பல்சார் நாம எதிர்பார்த்ததை விட ரெண்டு முழு சுத்துக்கு மேல முன்னாடி போயிருக்கும். பல்சார் ஆளுங்க வேலை செய்யறதே இப்படித் தான், இன்னைக்கு வந்த துடிப்புலேர்ந்து நாளைக்கு எந்த நேரத்துக்குத் துடிப்பு வரணும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு வச்சிருப்பாங்க, பூமி சூரியனைச் சுத்தறதால வர்ற வித்தியாசத்தையும் கழிச்சிடுவாங்க, அப்புறம் நிஜமா வந்த நேரத்துக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை கிராஃப்ல போடுவாங்க. எல்லாம் சரியா இருந்தா அது பூஜ்யத்தை ஒட்டி நேரா போகும். கிளிட்ச் வந்த அன்னைக்குக் கோடு படக்குனு ஒரு பக்கமா இறங்க ஆரம்பிக்கும், துடிப்பு ஒவ்வொண்ணும் சீக்கிரம் சீக்கிரமா வந்துகிட்டே இருக்கும். இதுல முக்கியமான சிக்கல் என்னன்னா ரெண்டு வாரம் பார்க்காம விட்டுட்டா நடுவுல எத்தனை சுத்து கூடிச்சுங்கற எண்ணிக்கையே கைய விட்டுப் போயிடும், வேகம் மாறிடுச்சுன்னு தெரியும், ஆனா எப்ப மாறுச்சு, மாறினதும் முதல்ல என்ன ஆச்சுங்கறது தெரியாது. இதை மனசுல வச்சுக்கோங்க, கீழ மறுபடி வர்றேன்.

சரி, ஏன் குதிக்குது. முதல்ல வந்த விளக்கம் நட்சத்திர நடுக்கம். நியூட்ரான் நட்சத்திரத்துக்கு மேல சுமார் ஒரு கிலோமீட்டர் கனத்துக்கு கெட்டியான ஓடு இருக்கு, வேகமா சுத்தறப்ப அது நடுவுல கொஞ்சம் பருத்து இருக்கும், வேகம் குறையக் குறைய இன்னும் உருண்டையா ஆகணும், ஆனா ஓடு கெட்டியா இருக்கறதால வளையாது, அழுத்தம் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் விரிசல் விட்டு உருண்டையாகும், உருண்டையானா சுழற்சி வேகம் கூடும். 1969லயே மால்வின் ரூடர்மேன் இதைச் சொன்னார். கேக்க நல்லா இருக்கு, நண்டு நெபுலா பல்சார்ல வர்ற சின்னக் குதிப்புகளுக்கு ஓரளவுக்குப் பொருந்தவும் செய்யுது. ஆனா வேலாவுக்கு உதவாது, ஏன்னா வேலா சராசரியா மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பெருசா குதிக்குது, அந்த அளவுக்கு அடிக்கடி விரிசல் விடணும்னா ஓட்டுல அவ்ளோ அழுத்தம் சேர்றதுக்கு நேரமே போதாது.

அப்புறம் வந்தது தான் சூப்பர்ஃப்ளூயிட் விளக்கம், இதைத் தான் உங்க வாசகர்களுக்கு நல்லா விளக்கி எழுதணும்னு கேட்டுக்கறேன். ஒரு பாத்திரத்துல தண்ணிய நிரப்பி சுத்த விட்டுட்டு பாத்திரத்தை மட்டும் கையால பிடிச்சு வேகத்தைக் குறைச்சா உள்ள தண்ணி கொஞ்ச நேரம் பழைய வேகத்துலயே சுத்தும், கைய எடுத்தா அந்தத் தண்ணி பாத்திரத்தையும் இழுத்துகிட்டு சுத்த வைக்கும். நியூட்ரான் நட்சத்திரத்துல நம்ம கண்ணுக்கு, அதாவது ரேடியோவுக்கு, தெரியறது ஓட்டோட வேகம் மட்டும் தான், காந்தப்புலம் ஓட்டோட ஒட்டிகிட்டு சுத்துது, பிரேக் போடறதும் அது வழியா தான். உள்ள இருக்கற நியூட்ரான் திரவத்துக்கு அந்த பிரேக் நேரடியாப் போய்ச் சேராது. ஏன்னா அது சாதாரண திரவம் இல்ல, உராய்வே இல்லாத சூப்பர்ஃப்ளூயிட். பல்சார்னு ஒண்ணு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே 1959ல ரஷ்யாவோட அர்காதி மிக்டால் நியூட்ரான் நட்சத்திரத்துக்குள்ள இப்படித் தான் இருக்கும்னு எழுதி வச்சிருந்தார், அப்ப அதை நிரூபிக்க வழியே கிடையாது.

சூப்பர்ஃப்ளூயிட் சாதாரண தண்ணி மாதிரி மொத்தமா சுத்தாது, மெல்லிசு மெல்லிசான சுழல்கள் மூலமா தான் சுத்தும். வேலாவோட வேகத்துக்குக் கணக்குப் போட்டா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 70,000 சுழல் வருது. திரவம் வேகம் குறையணும்னா இந்தச் சுழல்கள் எண்ணிக்கை குறையணும், அதுக்கு அவை எல்லாம் நடு அச்சுலேர்ந்து வெளிப்பக்கமா நகரணும். 1975ல ஃபிலிப் ஆண்டர்சனும் நவோகி இட்டோவும் சொன்னது என்னன்னா, ஓட்டுக்குள்ள வரிசையா இருக்கற அணுக்கருக்கள்ல இந்தச் சுழல்கள் மாட்டிகிட்டு நகர முடியாம நின்னுடுது. அப்ப ஓடு மெதுவாகிட்டே போகும், உள்ள திரவம் மட்டும் பழைய வேகத்துலயே இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல வேக வித்தியாசம் கூடிகிட்டே வரும், ஒரு கட்டத்துக்கு மேல மாட்டிகிட்டு இருந்த சுழல்கள் கோடிக்கணக்குல ஒரே சமயத்துல பிச்சுகிட்டு வெளிய நகரும், திரவம் இழந்த சுழற்சி முழுசும் ஓட்டுக்கு வந்து சேரும், நமக்கு இங்க பல்சார் குதிச்ச மாதிரி தெரியும். குதிச்சதுக்கு அப்புறம் பழைய நிலைமைக்குத் திரும்ப நாள்கணக்கு மாசக்கணக்கு ஆகறதும் இதுக்கு முக்கியமான ஆதாரம், உள்ள இருக்கறது சாதாரண திரவமா இருந்தா அவ்ளோ நேரம் எடுக்க வேண்டிய அவசியமே இல்ல. ஜார்ஜியா நாட்டுல சகாட்ஸே குழு இதே தத்துவத்தை திரவ ஹீலியத்தை சுழல விட்டு ஆய்வகத்துலயே பார்த்தாங்க, அங்கயும் பாத்திரத்தோட வேகத்துல திடீர் குதிப்பு வந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க, நம்மால போகவே முடியாத இடம், எந்த ஆய்வகத்துலயும் உண்டாக்க முடியாத அடர்த்தி, அதுக்குள்ள குவாண்டம் திரவம் ஒண்ணு ஓடுதுங்கறதை ரேடியோ துடிப்பு கொஞ்சம் முன்னாடி வந்துச்சா பின்னாடி வந்துச்சாங்கறதை வச்சே கண்டுபிடிக்கறோம். வேலாவோட குதிப்புகளை எல்லாம் சேர்த்துக் கூட்டினா அது மெதுவாகறதுல ஒண்ணரை சதவீதத்துக்கு மேல திருப்பிக் கிடைக்குது. இதுலேர்ந்து தனியா சுத்தற திரவத்தோட பங்கு எவ்ளோன்னு கணக்குப் போடலாம். 2012ல நீல்ஸ் ஆண்டர்சன் குழு இதே எண்ணை வச்சு, ஓட்டுல இருக்கற திரவம் மட்டும் பத்தாது, ஏன்னா அதுல ஒரு பகுதி அணுக்கருக்களோட சேர்ந்து இழுபடுது, அதனால உள் மையத்துல இருக்கற திரவத்துக்கும் பங்கு இருக்கணும்னு வாதாடினாங்க. அந்த வாதம் இன்னும் ஓடிகிட்டு தான் இருக்கு. அதனால கிளிட்ச் புரிஞ்சு போச்சுன்னு எழுதினாலும் தப்பு தான், பெரும்பகுதி புரிஞ்சிருக்கு, எது சுழல்களைத் தட்டி விடுதுங்கறது இன்னும் தெளிவா இல்ல.

விடாம பார்க்கலைன்னா எப்ப குதிச்சதுன்னே தெரியாதுன்னு மேல சொன்னேன் இல்லையா, அதுக்கு வர்றேன். 1988 டிசம்பர் 24 அன்னைக்குத் தாஸ்மேனியாவுல ஹோபார்ட் பக்கத்துல மவுண்ட் ப்ளெசன்ட் ஆய்வகத்துல வேலாவைப் பார்த்துகிட்டு இருக்கும்போதே கிளிட்ச் வந்துச்சு, ரெண்டு நிமிஷத்துக்குள்ள நடந்து முடிஞ்சதுன்னு அப்ப தான் தெரிஞ்சது. அதே ஆய்வகத்துல ஜிம் பால்ஃப்ரிமன் 26 மீட்டர் டெலஸ்கோப்பை வச்சு நாள்ல பெரும்பகுதி நேரம் வேலாவையே பார்த்துகிட்டு இருந்தார், வருஷக்கணக்கா, ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியா பதிவு பண்ணி. 2016 டிசம்பர் 12 அன்னைக்குப் பலன் கிடைச்சது. முதல்ல ஒரு துடிப்பு வழக்கத்தை விட அகலமா வந்துச்சு, அடுத்த துடிப்பு வரவே இல்ல, அதுக்கு அடுத்த ரெண்டும் வந்துச்சு ஆனா துருவமுனைவு, அதாவது ரேடியோ அலை ஒரே திசையில ஆடற அளவு, எதிர்பார்த்ததை விட ரொம்பக் கம்மி. வேலா ஒரு துடிப்பைத் தவற விட்டதை அதுக்கு முன்னாடி யாரும் பார்த்ததில்ல. உள்ள நடந்த விஷயம் வெளிய இருக்கற காந்தப்புலத்தையே ஒரு நொடி உலுக்கியிருக்குன்னு இதுலேர்ந்து தான் தெரிய வந்துச்சு, 2018ல நேச்சர்ல வந்துச்சு. அடுத்த வருஷம் கிரெக் ஆஷ்டன் குழு அதே பதிவை எடுத்து அலசி, குதிப்பு 13 நொடிக்குள்ள முடிஞ்சிருக்கு, வேகம் முதல்ல தேவைக்கு மேல ஏறி அப்புறம் கொஞ்சம் இறங்கி நிலையாச்சு, குதிக்கறதுக்கு சற்று முன்னாடி வேகம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரியும் தெரியுதுன்னு சொன்னாங்க. அந்தக் கடைசி விஷயம் தான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது, தட்டி விடறது எதுங்கற கேள்விக்குப் பதில் அதுல இருக்கலாம்.

இதைப் பண்ணினது உலகத்துலயே பெரிய டெலஸ்கோப் இல்ல. அந்த 26 மீட்டர் கிண்ணம் முன்னாடி நாசாவுக்காக செயற்கைக்கோள்களைப் பின்தொடர்ந்த பழைய ஆன்டெனா, கான்பெர்ரா பக்கத்துலேர்ந்து கழட்டி 1985 வாக்குல தாஸ்மேனியாவுக்குக் கொண்டு போனது. அர்ஜென்டினாவுல லா பிளாட்டா பக்கத்துல இருக்கற ரேடியோ வானியல் நிலையத்தோட ரெண்டு 30 மீட்டர் ஆன்டெனாக்களும் அரை நூற்றாண்டுக்கு முன்னாடி கட்டினது தான், அதைப் புதுப்பிச்சு வேலாவை தினமும் மணிக்கணக்கா பார்க்கறாங்க, 2021 ஜூலை 22ல வேலா குதிச்சதை முதல்ல உலகத்துக்கு சொன்னது அவங்க. ஊட்டி ரேடியோ டெலஸ்கோப்பும் புனே பக்கத்துல இருக்கற ஜிஎம்ஆர்டி ரேடியோ டெலஸ்கோப்பும் சேர்ந்து ஒரு கிளிட்ச் கண்காணிப்புத் திட்டமே நடத்தறாங்க, 2020ல எட்டு பல்சார்கள்ல 11 கிளிட்ச் கண்டதை வெளியிட்டாங்க. பெரிய டெலஸ்கோப்புகள்ல நேரம் கேட்டா ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் தான் தருவாங்க, எப்ப வரும்னே தெரியாத ஒண்ணுக்காக மூணு வருஷம் காத்துகிட்டு இருக்க அங்க இடம் கிடையாது. அதனால பழைய சின்ன டெலஸ்கோப்புகளை இனி எதுக்குன்னு மூடணும்னு எங்கயாவது பேச்சு வந்தா, இந்த மாதிரி தினசரி கண்காணிப்புக்கு அவை தான் ஆதாரம்ங்கறதை உங்களை மாதிரி பேப்பர்கள் தான் எடுத்துச் சொல்லணும். பெரிய கண்டுபிடிப்பு வர்ற அன்னைக்கு மட்டும் செய்தி போட்டுட்டு, ஒண்ணும் நடக்காத ஆயிரம் நாள் உக்காந்து பார்த்தவங்களைப் பத்தி ஒரு வரி கூட இல்லாம விட்டா அந்தக் கண்டுபிடிப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னே படிக்கறவங்களுக்குப் புரியாது.

கடிகாரம்ங்கறதுல ஒரு பாதி உண்மையும் இருக்கு, அதையும் சொல்லிடறேன், இல்லைன்னா நியாயமா இருக்காது. மில்லிசெகண்ட் பல்சார்னு ஒரு வகை, ரொம்ப வயசானது, நொடிக்கு நூத்துக்கணக்குல சுத்தும், அதுல கிளிட்ச் வந்ததை விரல் விட்டு எண்ணிடலாம், வந்ததும் மிக மிகச் சின்னது. 2023 ஜூன்ல ஈர்ப்பு அலைப் பின்னணிக்கு, அதாவது பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கற ஈர்ப்பு அலைகளுக்கு, ஆதாரம் கிடைச்சதுன்னு பல நாட்டுக் குழுக்கள் அறிவிச்சாங்களே, அதுக்கு நம்பினது இந்த வகையைத் தான். இளசான பல்சார் அப்படி இல்ல. பால்வீதிக்குப் பக்கத்துல இருக்கற மெகல்லன் பெரு மேகம்ங்கற விண்மீன் கூட்டத்துல இருக்கற பிஎஸ்ஆர் ஜே0537-6910 நொடிக்கு 62 தடவை சுத்துது, சராசரியா 100 நாளைக்கு ஒரு தடவை குதிக்குது, அதுல ஒரு விசேஷம், எவ்ளோ பெருசா குதிச்சதோ அவ்ளோ நாள் கழிச்சுத் தான் அடுத்தது வரும், அதனால அடுத்தது எப்பன்னு சில நாள் வித்தியாசத்துல முன்கூட்டியே சொல்ல முடியுது. வேலாவுல இந்தக் கணக்கு செல்லுபடி ஆகறதில்ல, ஏன்னு தெரியல. இன்னொரு பக்கம் 2012 ஏப்ரல்ல 1இ 2259+586ங்கற மேக்னெட்டார், அதாவது காந்தப்புலம் ரொம்ப ரொம்ப அதிகமான நியூட்ரான் நட்சத்திரம், நேர்மாறா, திடீர்னு மெதுவாச்சு, ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் எக்ஸ்ரேயில அதைப் பிடிச்சது, நான் மேல சொன்ன சுழல் விளக்கத்துக்குள்ள அது சுலபமா அடங்காது.

அதனால உங்ககிட்ட கேக்கறது இவ்ளோ தான். இந்த விஷயத்துக்குன்னு தனியா ஒரு கட்டுரை போடுங்க, நம்ம ஊர் பல்கலைக்கழகங்கள்லயும் ஆய்வு நிலையங்கள்லயும் இதுல வேலை பண்றவங்க இருக்காங்க, அவங்களையே தமிழ்ல எழுதச் சொல்லிக் கேளுங்க. வேலா 2024 ஏப்ரல் 29லயும் பெருசா குதிச்சது, தமிழ்ல அது பத்தி ஒரு செய்தியும் என் கண்ணுல படல. அடுத்த தடவை குதிக்கறப்ப நட்சத்திரம் வெடிக்கப் போகுதுன்னோ மர்ம சிக்னல்னோ தலைப்பு வைக்காம, எத்தனை நானோசெகண்ட், எந்த டெலஸ்கோப், நடக்கும்போதே பார்த்தாங்களா இல்ல மறுநாள் கணக்குல தெரிஞ்சதா, துடிப்போட வடிவம் மாறுச்சாங்கறதை எழுதுங்க, நடக்கும்போதே பிடிச்சிருந்தா முதல் பக்கத்துலயே போடுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரோட பல வருஷ வாசகர்